மழைல மலையேற என்ன பேன்ட்? பல சீசன் போட்டுத் தேச்ச அனுபவம்

ஜூன், ஜூலைல கர்நாடகால மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்குற குதுரேமுக் ஏறப்போறவங்க பாதிப்பேர் வாட்டர்ப்ரூஃப் பேன்ட் எது நல்லதுன்னுதான் தேடுறாங்க, என்னைக் கேட்டா அங்க அது தேவையே இல்ல. ஏறத் தொடங்குற முள்ளோடி கிராமத்துல இருந்து போய்ட்டு வர 20 கிலோமீட்டர் சொச்சம், உச்சி 1,894 மீட்டர், மழை கொட்டும் ஆனா நடக்குறப்ப குளிராது, ஏத்தத்துல வேர்த்து ஊத்தும், வெளித்தண்ணிய உள்ள விடாத பேன்ட் உள்ள இருக்குற வேர்வையையும் லேசுல வெளிய விடாது. போதாக்குறைக்கு வழில ஓடைங்க வேற. எதைப் போட்டாலும் நனையத்தான் போறீங்க, சீக்கிரம் காயுதாங்குறதுதான் விஷயம்.

அதனால நான் வருஷக்கணக்கா போடுறது மெல்லிசு நைலான் பேன்ட், லேசா ஸ்ட்ரெட்ச் ஆகுறது. சோலைக்காடு தாண்டி புல்வெளில ஏறுனதும் அடிக்கிற காத்துலயே பாதி காஞ்சிடும். ஜீன்ஸ் போட்டு வர்றவங்களப் பாத்தா பாவமா இருக்கும், தண்ணி குடிச்சுக் கனத்து, தொடை உரசி, இறங்குறப்ப கால அகட்டி அகட்டி நடப்பாங்க. (நைலான்லயும் தொடைக்கு வாசலின் தடவிக்கிறது நல்லது.)

உழைப்பு எப்படின்னா, புதுசுல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுச்சு, அந்தக் கோட்டிங் ஒரு சீசன்தான். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க, அது இன்னும் சீக்கிரம் போயிடும். ஈரப்பாறைல உக்காந்து சறுக்கி இறங்கி பின்பக்கம் நூல் தூக்கிடுச்சு, சைடு பாக்கெட் ஜிப் துருப்பிடிச்சு இறுகிடுச்சு. துணி மட்டும் இன்னும் கிழியல.

இதே கதை இமயமலைக்கு ஆகாது. உத்தராகண்ட்ல காங்கரியாங்குற ஊர்ல இருந்து ஹேம்குண்ட் ஏறுனா 4,000 மீட்டருக்கு மேல, ஆகஸ்ட் மழையும் காத்தும் சேந்தா நனைஞ்ச காலு விறைச்சிடும். அங்க ரெயின் பேன்ட் கண்டிப்பா வேணும், ஷூவக் கழட்டாமலே மாட்டுற மாதிரி சைடுல நீள ஜிப் வச்சது எடுங்க, உள்ள பாலியெஸ்டர் டைட்ஸ். தூங்குறதுக்குன்னு ஒரு செட்ட பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிடுங்க, காலைல மறுபடி அந்த ஈர பேன்ட்டுக்குள்ள கால விடுறதுதான் கொடுமை, வேற வழியில்ல.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்ப வந்தா, அட்டை. சாதா சாக்ஸ்ல பின்னல் இடுக்கு வழியா குட்டி அட்டை உள்ள பூந்துடும், கடிச்சா ரத்தம் உறையாம வடிஞ்சுட்டே இருக்கும். நெருக்கமா நெஞ்ச துணில முட்டி வரைக்கும் வர்ற லீச் சாக்ஸ் வாங்குங்க, பேன்ட்ட அதுக்குள்ள சொருகி மேல நாடாவ இறுக்கிக் கட்டணும். உப்பு, மூக்குப்பொடி எல்லாம் அடுத்த மழைல கழுவிட்டுப் போயிடும். பேன்ட்டும் சாக்ஸும் லைட் கலர்ல எடுங்க, கறுப்புல அட்டை ஏறுறது கண்ணுக்கே தெரியாது.