மசாய் மாராவுக்கு ‘எல்லாம் சேர்த்து’ 850 டாலரா? ஒரு எச்சரிக்கை

போன ஆகஸ்ட்டில் நான், என் கணவர், அண்ணன் மூவரும் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய் வந்தோம். நான்கு நாள் பயணம். அதில் காப்பகத்துக்குள் இருந்தது இரண்டு நாள்தான், அந்த இரண்டாம் நாளுக்கும் வாசலில் நின்று மறுபடி பணம் கட்டினோம். அன்றைக்கு இரண்டரை மணி நேரம் சேற்றில் போனது. எதைப் பார்க்கக் கிளம்பினோமோ, அந்த மாரா ஆற்றைக் கண்ணால் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

அண்ணன் ஆபீஸில் யாரோ சொல்லி ஒரு தரகர் கிடைத்தார். சென்னைக்காரர், தேன் மாதிரி பேச்சு. நைரோபியில் உள்ள ஒரு கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. தலைக்கு 850 டாலர், நைரோபியிலிருந்து நைரோபிக்கு. வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்துக்குத் திட்டம் வந்தது: மூன்று இரவு நான்கு பகல், ‘மசாய் மாராவில்’ கேம்ப், எங்களுக்கு மட்டுமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி, தினமும் கேம் டிரைவ் (வண்டியில் சுற்றி விலங்குகளைப் பார்ப்பது), பார்க் ஃபீஸ் உட்பட, வைல்டுபீஸ்ட் என்ற மாடு போன்ற பெரிய மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி நிச்சயம். நான் எது கேட்டாலும் ஒரே பதில்: “கவலையே படாதீங்க மேடம், எல்லாம் இன்க்ளூடட்.”

மற்ற இடங்களில் 1,500 டாலருக்கு மேல் சொன்னார்கள். நாங்கள் கெட்டிக்காரத்தனமாகக் குறைந்த விலையைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தோம். அன்றைக்கே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இப்போது போட்டுக் காட்டுகிறேன்.

மாரா காப்பகத்தை நடத்துவது நாரோக் கவுண்டி அரசு (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல). வெளிநாட்டவர்க்குப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒரு நாள் என்றால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, 12 மணி நேரம். முன்பு 24 மணி நேரம் செல்லும்படி இருந்தது, அதனால் பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். காப்பகத்துக்குள்ளேயே தங்குகிறவர்கள் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே தங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு நாள் நுழைவுக்கும் தனிச் சீட்டு. ஆக, ஆகஸ்ட் மாதத்தில் வெளியே தங்கி நான்கு நாளும் உள்ளே போவதென்றால் நுழைவுக் கட்டணமே தலைக்கு 800 டாலர். மிச்சம் 50 டாலரில் மூன்று இரவு கூடாரம், மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி, டீசல், ஓட்டுநர் சம்பளம், தரகர் கமிஷன். நடக்கிற காரியமா?

ஏமாற்றுபவர் பொய் சொல்லித்தான் ஏமாற்றுவார் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆள் பெரும்பாலும் பாதி உண்மையைத்தான் சொன்னார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். “கென்யாவில் கேட்க மாட்டாங்க, தேவையில்லை” என்றார். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யாவில் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் கென்யாவிலிருந்து திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர், அவர் தற்செயலாகக் கேட்டதால் தப்பித்தோம். பயணத்துக்கு 12 நாள் இருக்கும்போது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் காலையிலேயே போய் நின்று போட்டுக்கொண்டோம்.

விசாவுக்குப் பதிலாக இப்போது இணையவழி அனுமதி. அரசுத் தளத்தில் நாமே விண்ணப்பித்தால் 30 டாலர் சொச்சம்தான் ஆகும். தரகர் தலைக்கு 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இது சின்ன விஷயம், போகட்டும்.

நைரோபியில் விடியற்காலை ஒரு லேண்ட் குரூசர் வந்து நின்றது. படத்தில் பார்த்ததே போல. மீதிப் பணத்தை ரொக்கமாக அப்போதே எண்ணி வாங்கிக்கொண்டார்கள். பிளவுப் பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் நிறுத்தி, மரச்சிற்பக் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். மலை இறங்கியதும் சாலையோரம் குட்டியாக ஒரு தேவாலயம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சாலை போடக் கொண்டுவந்த இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டியது. அந்த வழியில் போனால் நிறுத்திப் பாருங்கள், மரச்சிற்பக் கடையைவிட அது எவ்வளவோ மேல்.

நாரோக் ஊரில் சாப்பிட இறங்கினோம். சாப்பிட்டு வந்தால் லேண்ட் குரூசரைக் காணோம். எங்கள் பைகள் ஒரு வெள்ளை வேனில் ஏறியிருந்தன. உள்ளே ஏற்கெனவே நான்கு பேர். “அந்த வண்டி ரிப்பேர்” என்றார்கள். மேற்கூரை தூக்கித் திறக்கிற வேன்தான், காட்டில் நிறைய ஓடுகிறது, நான் குறை சொல்லவில்லை. பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் நாங்கள் கேட்டதும் கொடுத்ததும் வேறு வண்டிக்கு. ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டி, ஏழு பேருக்கு ஒரே கூரைத் திறப்பு. இடது பக்கம் யானை என்றால் வலது பக்கத்தில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

கேம்ப், காப்பகத்தின் செகெனானி வாசலுக்கு வெளியே இருந்தது. வெளியே தங்குவதே மோசடி என்று சொல்ல மாட்டேன், அங்கே நல்ல கேம்ப்புகள் பல உண்டு, எங்களுடையதும் சுத்தமாகத்தான் இருந்தது. சைவம் என்று சொன்னதும் சமையல்காரர் சப்பாத்தியும் பீன்ஸும் செய்து கொடுத்தார். குறை அதுவல்ல. மாலை நாலரைக்குக் ‘கேம் டிரைவ்’ என்று கிளப்பினார்கள். வேன் வாசல் பக்கமே போகவில்லை. வெளியே மேய்ச்சல் நிலத்தில் சுற்றியது. பத்து வரிக்குதிரை, அங்கே வாழும் மசாய் பழங்குடியினரின் மாட்டு மந்தை, தூரத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. “இதுவும் மாராதான்” என்றார் ஓட்டுநர். ஒரு மணி நேரச் சுற்றலுக்கு ஆளுக்கு 200 டாலர் சீட்டு எடுக்கக் கம்பெனிக்குப் பைத்தியமா என்ன. எங்களுக்குத்தான் அப்போது புரியவில்லை.

மறுநாளைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு உள்ளே போய் அரை மணிக்குள் ஒரு சிங்கக் கூட்டம். குட்டிகள் அம்மாவின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தன. கரையான் புற்றின் மேல் ஏறி டோப்பி மான் காவல் நின்றது. வைல்டுபீஸ்ட் கூட்டம் அடிவானம் வரைக்கும் கறுப்பாக, அதன் முனகல் நம் ஊர் மாட்டுச் சந்தையைக் காதை மூடிக்கொண்டு கேட்டது போல. அண்ணன் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. ஆறு எங்கே என்று கேட்டேன். “நாளைக்கு” என்றார் ஓட்டுநர்.

மூன்றாம் நாள் காலை வாசலில் வண்டி நின்றது. ஓட்டுநர் கவுண்டருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். ஆபீஸிலிருந்து பணம் வரவில்லையாம். நைரோபிக்குப் போன் போட்டோம். “பார்க் ஃபீஸ் உட்பட என்று போட்டிருக்கிறோமே தவிர எத்தனை நாளைக்கு என்று போடவில்லையே, இன்றைக்கு உங்களுக்கு மசாய் கிராமம்” என்று நிதானமாகச் சொன்னார்கள். அந்தத் திட்டத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஆமாம், எண்ணிக்கை எங்கேயும் இல்லை. சென்னைத் தரகரைக் கூப்பிட்டால், “அங்க லோக்கல் ரூல் ஏதோ மாறிடுச்சு போல மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார். வேனில் இருந்த மற்ற நால்வரும் எங்களைப் போலவே விழித்தார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பவா முடியும்? மூன்று பேருக்கும் 600 டாலரைக் கார்டில் தேய்த்தோம். அவர்களும் கட்டினார்கள்.

முந்தின இரவு மழை. மாராவின் பல பகுதிகளில் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போலவே இருக்கும். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் பசையாகிவிடும். கரிசல் சேற்றில் மாட்டு வண்டி இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் இந்த வேனை நினைத்துப் பார்க்கலாம். பத்து மணிக்குள் பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. காட்டுக்குள் இறங்கித் தள்ளவும் பயம், சுற்றிலும் ஆளுயரப் புல். வேனின் ரேடியோவும் வேலை செய்யவில்லை.

கடைசியில் வேறொரு கம்பெனியின் லேண்ட் குரூசர் வந்து கயிறு கட்டி இழுத்தது. அதன் ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. எவ்வளவு கொடுத்து வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். “பொலே சானா” என்றார். சுவாஹிலியில் அனுதாபமாக, அடப்பாவமே என்பது போலச் சொல்வது. அப்புறம் அவர் ஒரு கணக்குச் சொன்னார்: நல்ல லேண்ட் குரூசர் ஓட்டுநரோடு நாளைக்கு 200 டாலர் அளவில் வரும், நான்கு நாளுக்கு 800. மூன்று பேர் பங்கிட்டாலும் தலைக்கு 260க்கு மேல். “சீட்டும் வண்டியும் சேர்ந்தாலே நீங்கள் கொடுத்ததைத் தாண்டிவிடுகிறதே, பிறகு உங்களை எதில் ஏற்றுவார்கள்?” என்றார்.

ஆற்றுக்குப் போகலாமா என்று எங்கள் ஓட்டுநரிடம் கேட்டபோது அவர் டீசல் முள்ளைக் காட்டினார். வைல்டுபீஸ்ட் கடக்கும் துறைகளுக்கு செகெனானியிலிருந்து காட்டுப்பாதையில் இரண்டு மணி நேரம் போல ஆகும். ஆபீஸ் கொடுத்த டீசல் அதற்குப் போதாது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தினக்கூலி ஆள், சேற்றில் முழங்கால் வரை நின்றவர் அவர்தான். நாலாம் நாள் ‘காலைக் கேம் டிரைவ்’ என்று எழுதியிருந்தது நைரோபிக்குத் திரும்பும் தார்ச்சாலைதான். ஓரத்தில் இரண்டு கெஸல் மான் நின்றன. கணக்கு சரியாகிவிட்டது.

ஆற்றைக் கடப்பது ‘நிச்சயம்’ என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கேட்டிக்கும் மாராவுக்கும் இடையே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்ட் மழையையும் புல்லையும் தேடிச் சுற்றுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை மாராப் பக்கம் இருக்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். கரை வரைக்கும் வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம்.

பணத்தைத் திரும்பப் பெற முயன்ற கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பணத்தைத் தரகரின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பியிருந்தோம், மீதி ரொக்கம். கம்பெனி பெயரில் ஒரு ரசீதுகூட இல்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிடவாவது ஒரு வழி இருந்திருக்கும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு தரகர் 18,000 ரூபாய் மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் மூவர் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். நைரோபிக் கம்பெனியின் பெயரை கென்யச் சுற்றுலா நடத்துவோர் சங்கமான கேட்டோவின் உறுப்பினர் பட்டியலில் தேடினேன். அதே போல ஒரு பெயர் இருந்தது, ஒரு சொல் மட்டும் வேறு. தேட வேண்டிய நேரத்தில் தேடியிருந்தால் அந்த ஒரு சொல் கண்ணில் பட்டிருக்கும். அங்கே சுற்றுலா நடத்த அரசின் சுற்றுலா ஒழுங்காற்று ஆணையத்தின் உரிமமும் வேண்டும். அதன் நகலைக் கேட்டால் ஒழுங்கானவர்கள் தயங்காமல் அனுப்புகிறார்கள்.

அண்ணன் விடுவதாக இல்லை. அடுத்த வருஷம் ஆற்றைப் பார்த்தே தீருவேன் என்கிறார். இந்தத் தடவை நான்தான் கடிதம் எழுதினேன். எந்த வாசலுக்கு எவ்வளவு தூரத்தில் கேம்ப், நுழைவுச் சீட்டு எத்தனை நாளைக்கு, எந்தெந்தத் தேதிக்கு, அதன் ரசீது எங்கள் கையில் வருமா, வண்டி நம்பர் தெரிகிற படம், வண்டியில் எங்களைத் தவிர யார், டீசலுக்கு அல்லது தூரத்துக்கு வரம்பு உண்டா என்று கேட்டிருந்தேன். நான்கு கம்பெனிகளுக்கு அனுப்பியதில் இரண்டு பதிலே போடவில்லை. ஒன்று, “எல்லாம் சேர்த்துத்தான், நம்புங்கள்” என்றது. நாலாவது ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக எழுதி, 1,720 டாலர் என்று போட்டு, கடைசி வரியில் ஆற்றைக் கடப்பதற்குத் தாங்கள் எந்த உத்தரவாதமும் தர முடியாது என்று சொல்லியிருந்தது. அதற்குத்தான் முன்பணம் கட்டப் போகிறோம், கார்டில்.