ஓரம் மடிக்க எது நல்லது: டேப்பா, அட்டையா, வழித்தையலா, சுருட்டும் ஃபூட்டா?

ஓரம் அலையடிப்பதற்குப் பெரும்பாலும் தையல் காரணமல்ல, தைக்கும் முன் மடித்த விதம்தான்.

டேப்பால் அளந்து குண்டூசி குத்துவது பலருக்கும் பழக்கம். ஊசி இருக்கும் இடத்தில் அளவு சரியாக நிற்கும், இரண்டு ஊசிகளுக்கு நடுவே துணி நழுவிவிடும். திரைச்சீலை போல நீளமான ஓரத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

நேரான ஓரத்துக்கு அட்டையை மிஞ்ச எதுவுமில்லை. மெல்லிய ஃபைல் அட்டையில் விளிம்பிலிருந்து 1 செ.மீ., 2.5 செ.மீ. தூரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், சூட்டில் மை துணிக்கு ஏறிவிடும். துணியின் உள்பக்கம் மேலே இருக்கட்டும். அட்டையை வைத்து, துணியின் ஓரத்தை அதன்மேல் மடித்து 1 செ.மீ. கோட்டைத் தொடவைத்துத் தேயுங்கள். அடுத்த மடிப்புக்கு 2.5 கோடு. ஆக, வெட்டும்போதே 3.5 செ.மீ. கூடுதலாக விட்டிருக்க வேண்டும். அட்டை இடையில் இருப்பதால் ஓரத்தின் தடம் வெளிப்பக்கம் பதியாது. இது டேப் முறையில் கிடைக்காத லாபம். தடித்த அட்டை வைத்தால் மடிப்பு உருண்டு நிற்கும். ஆவி அதிகமானால் அட்டை நெளியும், கோடும் பொய் சொல்லும். பிளாஸ்டிக் ஸ்கேல் உருகும்.

அம்பர்லா பாவாடை போன்ற வளைவுகளில் அட்டை தோற்றுப்போகும். அங்கே வழித்தையல்தான். ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி, 4 மி.மீ. நீளத் தையலாக ஒரு வரி ஓட்டுங்கள். அந்த வரி மயிரிழை உள்ளே போகும்படி மடித்துத் தேயுங்கள். இரண்டாவது முறை மடிக்கும்போது, வெளிவளைவின் நீளம் அதிகம், அது போய் உட்காரும் இடத்தின் நீளம் குறைவு. மிஞ்சும் துணிதான் சுருக்கமாக எழும்புகிறது. முதலில் ஓட்டிய வரியின் பாபின் நூலை (மெஷினில் அடியிலிருந்து வரும் நூல்) லேசாக இழுத்தால் அது அடங்கிவிடும். வளைவில் மடிப்பு 1 செ.மீ.-க்கு மேல் போகாமலிருப்பது நல்லது. கூடுதலாக ஒரு வரி தைக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் அந்த உழைப்பு வீண்போகாது.

சுருட்டும் ஃபூட், அதாவது ஓரத்தைத் தானே சுருட்டிக் கொடுக்கும் மெஷின் ஃபூட், வேகமானது. மெல்லிய துணி, நேரான ஓரம் என்றால் மட்டும். பக்கத்தையல் வரும் இடத்தில் தடிமன் சிக்கி, சுருள் அவிழ்ந்துவிடும். அங்கே உள்ளிருக்கும் துணியை முன்பே சாய்வாக நறுக்கிக்கொள்ளுங்கள். தொடக்க மூலையில் ஒரு நூலைக் கோத்து, அதைப் பின்னால் பிடித்திழுத்தால் துணி உள்ளே சுருண்டு போகும்.

எந்த முறையானாலும் இஸ்திரிப் பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, அழுத்தி, தூக்குங்கள். இழுத்தால் கிராஸாக (இழைக்குக் குறுக்குச் சாய்வாக) வெட்டிய துணி நீண்டுவிடும், பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவருவது கஷ்டம். சூடு ஆறும் முன் துணியை எடுத்தால் மடிப்பு நிற்காது. பருத்தியை வெட்டும் முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பனியன் துணிக்கு இரட்டை மடிப்பே வேண்டாம். ஒற்றை மடிப்பும், இரண்டு வரியை ஒன்றாகத் தைக்கும் இரட்டை ஊசியும் போதும்.