2 கிலோ வாங்கினால் 4 கிலோ திருப்ப வேண்டும்: மரபு நெல் விதைப் பகிர்வு எப்படி இருக்கிறது?

விலை: காசு கிடையாது. அடுத்த ஆண்டு 4 கிலோ விதைநெல்.
கையில் வருவது: 2 கிலோ நெல், ஒரு துணிப்பை, ரகத்தின் பெயர்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் நடைமுறைப்படுத்திய கணக்கு இது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு நடந்து, அழியும் தறுவாயில் இருந்த ரகங்களைத் தேடிச் சேர்த்தவர் அவர். 2018 டிசம்பரில் காலமாகும்போது அவர் மீட்ட ரகங்கள் 170-ஐத் தாண்டியிருந்தன. இன்று அதே கணக்கைப் பல ஊர் விதைத் திருவிழாக்களும் பின்பற்றுகின்றன. இங்கே பார்ப்பது எந்த ஒரு விழாவையும் அல்ல. 2 கிலோ வாங்கி வயலில் இறக்கும் விவசாயிக்கு இந்த முறை சரிவருகிறதா என்பதை மட்டும்.

முதலில் அந்த 2 கிலோ. பார்த்தால் கைப்பிடி நெல் மாதிரி இருக்கும், ஆனால் அளவு தெரிந்து வைத்த அளவு. நடுத்தர நெல்லில் ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்தால் 2 கிலோவில் 80,000 மணி. ஒற்றை நாற்று நடவில் 25-க்கு 25 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 16 குத்து (நாற்று ஊன்றும் இடம்), ஏக்கருக்குச் சுமார் 65,000 குத்து. முளைப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருந்து, நாற்றைக் கவனமாகப் பறித்தால் ஒரு ஏக்கர் முழுசாக நட்டுவிடலாம். சீரகச்சம்பா போன்ற பொடி நெல்லாக இருந்தால் மணி இன்னும் கூடுதல், நாற்று மிஞ்சும். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நன்றாகத் தூர் கட்டி உயரும் ரகத்தை 30-க்கு 30 நட்டால் 45,000 குத்தே போதும்.

ஆனால் இந்தக் கணக்கு மேட்டு வயலுக்குத்தான். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளக்காலில் 14 நாள் நாற்றை ஒற்றையாக நட்டால் ஒரே மழையில் மூழ்கி அழுகிவிடும். அங்கே 25 நாளுக்கு மேல் வளர்ந்த நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்றாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் 2 கிலோ ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) வரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பள்ளக்கால்காரர் இதை முன்னாலேயே கணக்குப் போட்டு, மீதி நிலத்துக்கு வேறு விதை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

விழா நடக்கும் கோடைக்காலமும் பொருத்தமானதுதான். சம்பா நெல் தை, மாசியில் அறுப்பு. அறுத்த கையோடு விதைத்தால் பல மரபுச் சம்பா ரகங்கள் முளைக்காது. விதை உறக்கத்தில் இருக்கும். வைகாசி வருவதற்குள் அந்த உறக்கம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு ஆடி, ஆவணியில் நாற்றுவிட நேரம் தாராளம். குறுவைக்கு எடுப்பவர்களுக்குத்தான் சிக்கல். புரட்டாசியில் அறுத்த பூங்காரோ கருங்குறுவையோ வைகாசியில் எட்டு மாதப் பழசு. சரியாகக் காய வைக்காமல் வைத்திருந்தால் பாதி முளைத்தாலே பெரிது.

ஆகவே எந்த ரகமானாலும் வீட்டுக்கு வந்ததும் 100 நெல்லை எண்ணி எடுத்து, ஒரு ராத்திரி ஊற வைத்து, ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வையுங்கள். காய்ந்துபோகாமல் தண்ணீர் தெளித்து ஐந்தாம் நாள் பிரித்து எண்ணுங்கள். 80 முளைத்திருந்தால் சான்று விதைக்குக் கேட்கும் அளவு வந்துவிட்டது. 60 என்றால் நடவுப் பரப்பைக் குறையுங்கள். 40-க்குக் கீழே போனால் அது விதை அல்ல, அரிசிக்கு ஆகிற நெல்.

குறை எங்கே என்றால், கலப்பில். தானாகவே மகரந்தம் சேரும் பயிர் நெல். பக்கத்து வயலோடு ஒட்டுச் சேர்வது மிகக் குறைவு, 3 மீட்டர் இடைவெளி இருந்தாலே போதும். பிறகு கலப்பு எங்கிருந்து வருகிறது? களத்திலிருந்தும், அறுவடை இயந்திரத்திலிருந்தும், சாக்கிலிருந்தும். முந்தின வயலில் அறுத்த நெல் இயந்திரத்தின் வயிற்றில் தங்கி அடுத்த வயல் நெல்லோடு கொட்டுகிறது. பத்துப் பேர் கைமாறிய 2 கிலோவில் நாலு ரகம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வாங்கும் இடத்திலேயே இருபது நெல்லை நகத்தால் உரித்துப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாப்பிள்ளைச் சம்பா என்றால் இருபதும் சிவப்பாக இருக்க வேண்டும். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்றால் இருபதும் வெள்ளை. கருங்குறுவையையும் கருப்புக் கவுனியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கருங்குறுவைக்கு உமி கறுப்பு, உள்ளே அரிசி சிவப்பு. கருப்புக் கவுனிக்கு அரிசியே கறுப்பு. இருபதில் ஒன்று நிறம் மாறினால் வயலில் நூற்றுக்கு ஐந்து குத்து வேற்று ரகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் களைய முடியும், ஆனால் அதற்கு ஆள் கூலி உண்டு.

பெரிய மனக்குறை இன்னொன்று. பல இடங்களில் பையில் ரகத்தின் பெயரை மட்டும் எழுதித் தருகிறார்கள். எந்தப் பட்டத்தில் அறுத்தது, எத்தனை நாள் பயிர், எவ்வளவு உயரம் வரும், நெல்மணி நுனியில் மீசை உண்டா இல்லையா, எந்த மண்ணில் விளைந்தது என்று ஒரு வரி கிடையாது. இந்த ரகங்களைப் பொறுத்தவரை அந்தச் சேதி இல்லாத விதை பாதி விதைதான். காட்டுயானம் 180 நாள், ஆள் உயரத்துக்கு மேலே போகும். மாப்பிள்ளைச் சம்பா 160 நாள். இரண்டும் பகல் குறுகும்போது பூக்கும் பட்டத்துப் பயிர். விவரம் தெரியாமல் தையில் விதைத்தால் தாளாக வளர்ந்துகொண்டே போகும், கதிர் வராது. மாடுதான் தின்னும். பூங்கார், அறுபதாம் குறுவை போன்ற குறுகிய காலப் பயிரைச் சம்பாவில் போட்டால் எதிர்ப்பக்கமாக மாட்டும்: ஐப்பசி அடைமழையில் கதிர் முற்றி நிற்கும், வயலிலேயே முளை விடும். ஆகவே கொடுப்பவரிடம் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், விளைவித்தவர் யார் என்று கேட்டு அவரிடம் இந்த ஐந்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

விதை நேர்த்தியில் புதிதாக எதுவும் இல்லை. 10 லிட்டர் தண்ணீரில் கோழிமுட்டை மிதந்து எட்டணா அகலத்துக்கு மேலே தெரியும்வரை கல்லுப்பு போட வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிடிக்கும். நெல்லைக் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். மீசை உள்ள ரகங்களில் காற்று சிக்கி, நல்ல நெல்லும் மிதக்கும். கலக்காமல் மேலே உள்ளதை வழித்து எறிந்தால் கால் கிலோ நல்ல விதை போய்விடும், 2 கிலோவில் அது பெரிய நட்டம். அடியில் தங்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் மூட்டம் (முளைகட்ட மூடி வைப்பது). முளை எட்டிப் பார்த்ததும் ஒரு சென்ட் நாற்றங்காலில் பரவலாகத் தூவ வேண்டும். நெருக்கி விதைத்தால் நாற்று ஒல்லியாகி, ஒற்றையாக நடும்போது ஒடியும்.

வயலில் இந்த ரகங்களைக் கெடுப்பது யூரியா. ஆள் உயரப் பயிருக்குத் தழைச்சத்து மிஞ்சினால் கதிர் பிடித்ததும் காற்றே இல்லாமல் சாயும். தக்கைப்பூண்டோ சணப்போ 45 நாளில் மடக்கி உழுதாலே பெரும்பாலான வயலுக்குப் போதும். அப்படியும் பயிர் கருகருவென்று மிஞ்சினால், கதிர் கருவாவதற்கு முன் தோகை நுனியைக் கொய்து மாட்டுக்குப் போட்டுவிடுவது பழைய கை. கரு உருவான பிறகு கொய்தால் விளைச்சலையே கொய்த மாதிரி.

திருப்பிக் கொடுக்க வேண்டிய 4 கிலோவுக்கு மொத்த வயலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வயலின் நடுவில் சாயாமல், ஒரே சீராக நிற்கும் 2 சென்டை நடவு முடிந்த ஒரு மாதத்திலேயே குச்சி நட்டுக் குறித்துவிடுங்கள். ஏக்கருக்கு ஆயிரம் கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 2 சென்டில் 20 கிலோ வரும். பதர், கருக்கா கழித்துப் பதினைந்து நிற்கும். அதில் 4 திருப்ப, மீதி உங்கள் அடுத்த ஆண்டுக்கு, இன்னொருவருக்கு. அந்த 2 சென்டில் கலவன் எடுப்பதை இரண்டு தடவை செய்ய வேண்டும். முதல் தடவை பூக்கும்போது: முந்திப் பூத்தது, பிந்திப் பூத்தது, உயரம் மாறியது எல்லாம் வேரோடு பிடுங்க வேண்டும். இரண்டாவது, அறுப்புக்கு ஒரு வாரம் முன்: உமி நிறம், மீசை, மணியின் பருமன் பார்த்து. அறுத்தால் கையால் அறுத்து, தார்ப்பாயில் தனியே அடித்து எடுங்கள். இயந்திரம் அந்தப் பக்கமே வரக்கூடாது.

காய வைப்பதில் அவசரம் வேண்டாம். காலையிலும் மாலையிலும் வெயில் கொடுத்து, உச்சி வெயிலில் மூடி வைக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று முறிய வேண்டும். 13 சதவீத ஈரம் என்று ஆய்வகம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். பிறகு நன்றாகக் காய்ந்த நொச்சி, வேப்பிலையோடு சணல் சாக்கில் கட்டி, சுவரில் படாமல் பலகை மேல் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் அரைகுறை ஈரத்தோடு கட்டுபவர்கள்தான் அடுத்த ஆண்டு முளைக்கவில்லை என்று விதையைத் திட்டுகிறார்கள். வைக்கோல் புரி சுற்றிச் சாணம் மெழுகும் விதைக்கோட்டை இன்னும் நல்ல பாதுகாப்பு, கட்டத் தெரிந்தவர் கிடைத்தால். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, அந்துப்பூச்சி பறந்தால் உடனே வெயிலில் கொட்டுங்கள்.

விதையோடு இந்த முறையின் உதவி முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மிச்சம் ஆயிரம் கிலோ நெல்லை எங்கே அரைப்பது? பெரிய ஆலைக்காரர் ஒரு லோடுக்குக் குறைந்து கை வைக்க மாட்டார். சின்ன மில்லில் பாலிஷ் உருளையைக் கழற்றச் சொல்லாவிட்டால் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பெல்லாம் தவிடாகப் போய், மங்கிய வெள்ளை அரிசியாக வரும். அதை மரபு அரிசி என்று யாரும் வாங்க மாட்டார்கள். விதை எடுக்கும் முன்பே, உமி மட்டும் நீக்கித் தரும் மில் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரசின் வழியும் இருக்கிறது. நெல் ஜெயராமன் பெயரிலேயே உள்ள பாதுகாப்பு இயக்கத்தின் கீழ் வேளாண் விரிவாக்க மையங்களில் மரபு ரக விதை மானிய விலையில் கிடைக்கிறது. 2 கிலோவுக்கு மேல் விதை வேண்டுபவர்களுக்கு அதுதான் வசதி. ரகங்களின் எண்ணிக்கையில் விதைத் திருவிழாவுக்கு ஈடாகாது. விவசாயிக்கு விவசாயி விதை மாற்றிக்கொள்வது சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் அதை அனுமதிக்கிறது. வணிகப் பெயர் போட்டு விற்பதற்குத்தான் தடை.

இந்த முறைக்கு 5-க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். குறைந்த அந்த ஒன்று பையில் எழுதாமல் விட்ட விவரத்துக்காக.

முதல் தடவை எடுப்பவர் பெயரைக் கேட்டு மயங்கிக் காட்டுயானத்துக்குக் கை நீட்ட வேண்டாம். ஆறு மாதம் வயலில் நிற்கும், சாய்ந்தால் அறுக்க ஆள் கிடைக்காது. தண்ணீர் நிச்சயமான சம்பா வயல் என்றால் தூயமல்லி எடுங்கள், 135 முதல் 140 நாளில் முடிந்துவிடும். மூன்று மாதத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் பூங்கார்.