2004 மாடல் மோட்டார்ஹோம்: வாங்கியதும் பிரித்ததும் ஓட்டுவதும்

பழைய ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்க நினைக்கும் நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, “எத்தனை மைல் ஓடியிருக்கு?” என்றுதான். கார் வாங்கிப் பழகியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எங்களுடையது 2004 மாடல். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ், 6.8 லிட்டர் வி10 எஞ்சின். வாங்கும்போது 48,000 மைல் ஓடியிருந்தது. அந்த எஞ்சினுக்கு அது ஒரு ஓட்டமே இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதோடு சரி, வேறு செலவு வைக்கவில்லை. எங்கள் பணத்தையும் வார இறுதிகளையும் தின்றதெல்லாம் மழைத்தண்ணீர்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி இது. சினிமாக்காரர்களின் கேரவனாகப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம். சுற்றிலும் பெரிய ஏரிகள், கரையெல்லாம் ஸ்டேட் பார்க், அதாவது வண்டியோடு போய்த் தங்கக்கூடிய மாநில அரசுப் பூங்காக்கள். கோடையில் அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்தால் ஆறு பேர். அந்தக் கணக்குக்கு ஹோட்டல் அறை கட்டுப்படியாகாது.

முதலில் வைத்திருந்தது கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலெழும் டென்ட் டிரெய்லர், 1998 மாடல். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் மழையில் நனைந்த துணியோடு மடக்கி எடுத்து வந்தால், வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம். மாமியாரால் அதன் படுக்கையில் ஏற முடியவில்லை. நடு இரவில் கழிவறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வாங்கிய விலைக்குப் பக்கமாகவே விற்றோம்.

மோட்டார்ஹோம் தேடத் தொடங்கியது கொரோனா சமயத்தில். அப்போது விலையெல்லாம் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. 2021இல் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் புது ஆர்.வி.கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அந்தத் தொழிலின் உச்ச வருடம் அதுதான். 2023இல் அது பாதியளவுக்கு விழுந்தது. பழைய வண்டிகளின் விலையும் கூடவே இறங்கியது. நாங்கள் வாங்கியது 2022 அக்டோபரில். மிச்சிகனில் பழைய ஆர்.வி. வாங்க அக்டோபர் நல்ல மாதம். பனி வரப்போகிறது, இன்னொரு குளிர்காலம் வாசலில் நிறுத்திப் பராமரிக்க உரிமையாளருக்கு மனசிருக்காது. 21,000 டாலர் சொன்னவர் 16,500க்கு இறங்கி வந்தார்.

இறங்கியதற்குப் பருவம் பாதிக் காரணம். மீதி, என் மனைவி கையில் இருந்த ஈரம் அளக்கும் கருவி. நாற்பது டாலர்கூட இல்லை. மரத்தில் குத்தினால் ஈர அளவைக் காட்டும். டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை இருக்கிறதே, இந்த வகை வண்டிகளில் முதலில் அழுகுவது அதுதான். முன்னால் ஒரு ஜன்னல், பக்கவாட்டில் தகடுகள் சேரும் விளிம்பு, மேலே கூரை மடியும் இடம் எல்லாம் அங்கே வந்து கூடுகின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் மழை நேராக அதில்தான் அறையும். மெத்தையைத் தூக்கி மூலையில் குத்தியதும் முள் ஓரத்துக்குப் போனது. உரிமையாளரும் மறைக்கவில்லை. “கொஞ்சம் ஈரம் இருக்கு” என்றார்.

கருவி இல்லாதவர்கள் மூக்கையும் விரலையும் நம்பலாம். கதவைத் திறந்த உடனே நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து உள்மூலைகளில் காப்பிக் கறை மாதிரி திட்டுகள் இருக்கிறதா பாருங்கள். வெளியே நின்று, பக்கவாட்டுச் சுவரைச் சாய்வாகப் பாருங்கள். ஃபைபர் தகடு அலையலையாகத் தெரிந்தால் உள்ளே பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். எங்கள் அளவில் அதற்கு வைத்தியம் கிடையாது. நாங்கள் பார்த்த வண்டிகளில் எஞ்சின் அருமையாக, உள்ளே பளபளவென்று இருந்த ஒன்றை இதற்காகவே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தப் படுக்கையைப் பிரித்தது அடுத்த வசந்தத்தில். உள்பக்க மெல்லிய ப்ளைவுட்டை எடுத்ததும் சட்டத்தின் கட்டை தெரிந்தது. கறுத்துப் போயிருந்தது. என் மகன் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். ஈரமான காப்பித்தூள் மாதிரி பொலபொலவென்று மெத்தை மேல் கொட்டியது. அழுகிய இடம் முடிந்து நல்ல மரம் வரும் வரை வெட்டிக்கொண்டே போனோம். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இரண்டு வாரம் உள்ளே ஓடவிட்டோம். காயாமல் மூடினால் மறுபடி அதே கதைதான். அப்புறம் புதுக் கட்டை, நடுவில் ஃபோம் போர்டு, மேலே ப்ளைவுட். முன் ஜன்னலை நிரந்தரமாகவே எடுத்துவிட்டு அலுமினியத் தகடு வைத்து மூடினோம். வெளிச்சம் போச்சு என்று மகளுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

உழைப்பு அதிகம் பிடித்தது கூரையில். மேலே இருப்பது ரப்பர் விரிப்பு. அது சாதாரணமாகக் கிழிவதில்லை, ஏ.சி., காற்றுப்போக்கி, குழாய் என்று துளை போட்ட இடங்களைச் சுற்றிய பசைதான் வெடிக்கும். தட்டையான இடத்தில் தானே பரவிச் சமமாகும் பசை, செங்குத்தான இடத்தில் வழியாத பசை என்று இரண்டு வகை இதற்கென்றே விற்கிறார்கள். பழைய உரிமையாளர் யாரோ பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கானை அள்ளிப் பூசியிருந்தார். சிலிக்கான் மேல் வேறெதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால், ரப்பர் கிழியாமல், அதை விரல் விரலாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பெட்ரோலியப் பொருள் கலந்த துப்புரவு திரவம் எதையும் அந்த ரப்பர் மேல் படவிடக் கூடாது. இப்போது வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்ப்பது வழக்கம். வேலை முடித்ததும் ஒரு பட்டறையில் அழுத்தச் சோதனை செய்தோம். கூரையில் விசிறி பொருத்தி உள்ளே காற்றை ஊதுவார்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குமிழும். பின்பக்கத்து விளக்கொன்றின் ஓரத்தில் குமிழ்ந்தது. நாங்கள் மாதக்கணக்கில் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

டயர் விஷயத்தில் நான் கறார். ஆறு டயர்களிலும் பட்டன் தேயாமல் புதிது மாதிரி இருந்தது. ஆனால் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2311. அதாவது 2011ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. ஆர்.வி. டயர் ஓடித் தேய்வதைவிட நின்று நின்று வெயிலில் வெடிப்பதுதான் அதிகம். ஆறையும் மாற்றினோம், ஏறக்குறைய 1,400 டாலர். விலை பேசும்போதே இதைக் கழித்துவிட வேண்டும். ப்ரொபேன் கசிவு அலாரத்துக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. எங்கள் வண்டியில் இரண்டுமே காலாவதியானவை. பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அடுத்தது மின்சாரம். மாமனார் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லித்தியம் பேட்டரிக்கு மாற்றுகிறேன் என்றதும் மதுரையிலிருந்து வந்த களைப்பு பறந்துவிட்டது. 12 வோல்ட்தானே என்று நான் எடுத்து வைத்திருந்த ஒயரைப் பார்த்து, “மாப்பிள்ளை, வோல்ட் கம்மின்னா ஆம்பியர் கூடும்ல? இந்த ஒயரு உருகிரும்” என்றார். கணக்கு அவர் சொன்னதுதான்: 2000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால் 12 வோல்ட்டில் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் என்று அவர் மேற்பார்வையில் முடித்தோம்.

லித்தியம் போடுகிறவர்கள் பேட்டரி விலையை மட்டும் பார்க்கக் கூடாது. 100 ஆம்பியர்-அவர் பேட்டரி இப்போது முன்னூறு டாலருக்குள்ளேயே கிடைக்கிறது, சரி. ஆனால் பழைய வண்டியில் இருக்கும் சார்ஜர் ஈய பேட்டரிக்கானது, 13.6 வோல்ட் அளவில் நின்றுவிடும், லித்தியம் முழுதாக நிறையாது. அதை மாற்ற வேண்டும். வண்டி ஓடும்போது சார்ஜ் ஆக வேண்டுமானால் நடுவில் மின்சாரத்தை அளவோடு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவும் கூடாது. அதனால் பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து சோபாவுக்கு அடியில் மாற்றினோம்.

சோலார் பற்றி மட்டும் எல்லோரும் பாடும் பாட்டை நான் பாட மாட்டேன். கூரையில் 400 வாட் இருக்கிறது. வால்மார்ட் வாசலில் நிறுத்தினால் பிரமாதமாக வேலை செய்கிறது. நாங்கள் போகும் ஸ்டேட் பார்க்கிலோ மரநிழல், கூடவே பக்கத்தில் மின் இணைப்புக் கம்பம். பாலைவனப் பக்கம் ஊர் சுற்றுகிறவர்களுக்குச் சோலார் சரி. மிச்சிகன் காட்டுக்கு அந்தப் பணத்தை டயரில் போடலாம்.

ஃபிரிட்ஜ் மாற்றியது நல்ல முடிவு. பழைய ஆர்.வி.களில் இருப்பது அம்மோனியா வகை: ப்ரொபேன் சுடரில் சூடாக்கியே குளிரவைக்கும், கம்ப்ரஸர் கிடையாது. சத்தமே வராது. ஆனால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், குளிர அரைநாளுக்கு மேல் ஆகும், ஜூலை வெயிலில் தோசை மாவு பொங்கி வழிந்தது. பின்னால் மஞ்சள் பொடி படிந்து அம்மோனியா நெடி வந்ததும் கழற்றிவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்தோம். இரண்டாம் நாளும் தயிர் புளிக்கவில்லை. மாமியாரைக் கேட்டால் வண்டியில் நாங்கள் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

நம் சமையலுக்கு இன்னொரு குறிப்பு. அடுப்புக்கு மேல் இருக்கும் புகைபோக்கியின் வெளிவாயில் சிறிய மூடி இருக்கும். ஓடும்போது படபடக்காமல் இருக்க அதை வெளியிலிருந்து கொக்கி போட்டு வைத்திருப்பார்கள். அதை விடுவிக்காமல் உள்ளே விசிறி போட்டால் புகை எங்கேயும் போகாது. ரசத்துக்குத் தாளித்தால் அலாரம் அலறும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். தாளிப்பையும் தோசையையும் இப்போது வெளியே மேஜையில் வைத்துக்கொள்கிறோம். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் இங்குள்ள 120 வோல்ட்டில் மொத்தம் 3600 வாட்தான்; ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷனையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

கழிவறை பற்றிக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆர்.வி. கழிவறைகளில் கையில் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் வைத்த மாடலே கிடைக்கிறது. அமெரிக்க வீடுகளில் நாமாகத் தேடிப் பொருத்த வேண்டிய வசதி! நாம் தண்ணீர் தாராளமாக விடுவது கழிவுத் தொட்டிக்கும் நல்லதுதான். முகாமில் நிற்கும்போது அதன் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே குவிந்து இறுகிவிடும். நிறையும் வரை மூடி வைத்து, முதலில் அதைத் திறந்து, பிறகு குளியல்-பாத்திரத் தண்ணீர் தொட்டியைத் திறந்தால் அது குழாயையும் கழுவிவிடும்.

உள்ளே அழகுபடுத்த நிறையச் செலவழிக்கவில்லை. மூன்று மணி நேரத் தூரத்தில் இந்தியானாவின் எல்க்ஹார்ட் இருக்கிறது. அமெரிக்க ஆர்.வி. தொழிலின் தலைநகரம் அது. தொழிற்சாலைகளில் மிஞ்சிய அலமாரிக் கதவு, விளக்கு, தாழ்ப்பாள் எல்லாம் அங்கே கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அங்குள்ள ஆர்.வி. அருங்காட்சியகத்தில் 1913ஆம் வருட டிரெய்லர் ஒன்று நிற்கிறது. மகனுக்கு அதைவிட்டு வர மனசில்லை.

ஓட்டுவது எப்படி? கேலனுக்கு 8, 9 மைல். மலையேறினால் இன்னும் குறையும். பக்கத்தில் லாரி கடந்தால் வண்டி ஆடும். உயரமான பெட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம். பின் ஆக்சிலில், வண்டி பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் டிராக் பார் போட்டு, வீல் அலைன்மென்ட் சரிசெய்த பிறகு ஒரு கையில் ஓட்டும் அளவுக்கு அடங்கியது. மிச்சிகனின் இரண்டு பகுதிகளை இணைக்கும் ஐந்து மைல் நீள மெக்கினாக் பாலத்தில்தான் இன்னும் இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்கிறேன். காற்று கூடினால் எல்லோரையும் 20 மைல் வேகத்துக்கு இறக்குவார்கள். மேலும் கூடினால் நம்முடையது போன்ற உயரமான வண்டிகளுக்குத் துணைக்கு ஆள் அனுப்பித்தான் கடக்கவிடுவார்கள். உள்பக்கத் தடத்தில் தரை இரும்புக் கம்பி வலை. கீழே ஏரி தெரியும். மனைவி அந்த ஐந்து மைலும் போனைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

மொத்தக் கணக்கு: 16,500க்கு வாங்கியதில் இதுவரை சுமார் 9,000 டாலர் போட்டிருக்கிறோம், உழைப்பு தனி. இதே அளவில் புதியது 1 லட்சம் டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. ஒரு தலைவலி பாக்கி: தனியார் முகாம்கள் சில, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. போட்டோ அனுப்பினால் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஸ்டேட் பார்க்குகளில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், நல்ல ஏரிக்கரை இடங்கள் அன்று காலையே தீர்ந்துவிடும். இந்த வருடம் ஜூலைக்கான லுடிங்டன் ஸ்டேட் பார்க் இடத்தை ஜனவரியில் மகள்தான் பிடித்தாள், பள்ளி பஸ் வருவதற்குள்.