முதுகு ஊசித் தட்டில் மூன்று விறைப்பு மருந்துகள்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

முதுகு ஊசி என்றாலே எல்லாரும் ஸ்டீரொயிட்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அதே சிரிஞ்சில் கூடவே போகும் விறைப்பு மருந்தின் (லிக்னோகெயின், பியூபிவகெயின், ரோபிவகெயின் ஆகிய மூன்றில் ஒன்று) லேபிளைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கொழுந்துக் கூடை சுமந்து இடுப்பு நோவோடு வரும், 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் அவருக்கானது.

முதலிடம் லிக்னோகெயினுக்கு. சில நிமிடங்களில் பிடிக்கும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் விட்டுவிடும். இந்த வேலைக்கு 1% தாராளம். அட்ரினலின் சேராத லிக்னோகெயினுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 3 மி.கி. என்று வைத்தால் இவருக்கு 135 மி.கி. 1% என்றால் (மி.லீ.க்கு 10 மி.கி.) 13.5 மி.லீ.; 2% என்றால் 7 மி.லீ.கூட இல்லை. தோலை விறைக்க 2%-இல் 5 மி.லீ. போட்டுவிட்டு, உள்ளே போவதை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான தவறு. தோலில் போட்டதும் அந்த 135-க்குள் அடக்கம்.

இதன் பெரிய குறை மருந்தில் இல்லை, குப்பியில் இருக்கிறது. பலமுறை குத்தி எடுக்கும் ரப்பர் மூடிக் குப்பிகளில் கெடாமல் இருக்க மெதில்பரபென் சேர்ப்பார்கள். தோலுக்கு அது பரவாயில்லை, எபிடியூரலுக்கு (முள்ளந்தண்டு நாணின் உறைக்கு வெளியே போடும் ஊசி) ஆகாது. சில ஸ்டீரொயிட்டுகளோடு கலந்தால் துகள்களைத் திரளவும் வைக்கும். பாதுகாப்புப் பொருள் இல்லாத, ஒரே தடவைக்கான அம்பியூலையே கேட்டு வாங்குங்கள். பிரிசர்வேட்டிவ் இல்லை என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும், ஊகிக்கக்கூடாது.

நுவரெலியாக் குளிரில் இன்னொன்றும் உண்டு. அலமாரியிலிருந்து அப்படியே எடுத்த அம்பியூல் தோலில் சுள்ளென்று எரியும். உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் எரிச்சல் குறையும். தோலுக்கு மட்டும், 10 மி.லீ.க்கு 8.4% சோடியம் பைகாபனேற் 1 மி.லீ. சேர்க்கலாம். அடுத்து வரும் பியூபிவகெயினில் இதே கைவேலையைக் காட்டினால் மருந்து படிந்துவிடும்.

பியூபிவகெயின் நீண்ட நேரம் நிற்கும், அதற்கு விலையும் உண்டு. இரத்தக் குழாய்க்குள் போனால் இதயத்தைப் பிடிப்பதில் இந்த மூன்றில் இதுதான் மோசம். தசைக் கலங்களையும் கூடுதலாகச் சிதைக்கும், ஆனால் தசை சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். கசியிழையம் (மூட்டில் எலும்பை மூடியிருக்கும் குருத்தெலும்பு) அப்படி வளராது. ஆய்வுகூடத்தில் 0.5% பியூபிவகெயின் கசியிழையக் கலங்களைக் கொல்கிறது. செறிவும் நேரமும் கூடக்கூடச் சேதமும் கூடும். மூட்டுக்குள் பம்ப் வைத்துத் தொடர்ந்து செலுத்தியதால் வந்த சேதம் பற்றி 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. ஒரே ஒரு ஊசி அதற்குச் சமமல்ல. ஆனாலும் முள்ளந்தண்டின் பக்க மூட்டு 1 முதல் 1.5 மி.லீ. மட்டுமே கொள்ளும் சின்ன அறை. அதை 0.5%-ஆல் நிரப்பத் தேவையில்லை. மூட்டுக்கு வெளியே, நரம்புக் கிளையில் 0.5 மி.லீ. வைத்து நோவின் இடத்தைக் கண்டறிவதற்கு இது நல்ல மருந்து.

எபிடியூரலில் 0.5% வேண்டவே வேண்டாம். ஊசி தெரியாமல் டியூராவை (அந்த நாண் உறையை) தாண்டியிருந்தால் 8 மி.லீ. என்பது 40 மி.கி. சிசேரியனுக்கு இடுப்புக்குக் கீழ் முழுவதையும் விறைக்க 10–12 மி.கி. போதும். 0.125%-ஆக நீர்த்தாலும் அதே 8 மி.லீ.யில் 10 மி.கி. இருக்கிறது! எங்கள் தேர்வு, ஸ்டீரொயிட்டோடு சேலைன். டியூராவுக்கு உள்ளே போடுவதற்கென்றே குளுக்கோஸ் சேர்த்த 4 மி.லீ. 'ஹெவி' பியூபிவகெயின் அம்பியூலை இந்தத் தட்டின் பக்கமே வைக்காதீர்கள்.

ரோபிவகெயின் இதயத்துக்கும் கசியிழையத்துக்கும் பியூபிவகெயினைவிடச் சாது, கால் பலத்தையும் குறைவாகவே இழக்க வைக்கும். பஸ்ஸில் இறங்கி லயத்துக்குப் படியேற வேண்டியவருக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் டெக்ஸாமெதசோனின் காரத்தன்மை இதற்கு ஒத்துவராது, கலந்தால் பளிங்குத் துகள்கள் உண்டாகும். கழுத்து நரம்பு வேர்ப் பக்கத்தில் துகள் இரத்தக் குழாயை அடைத்துவிடக்கூடாது என்பதால், துகளே இல்லாத ஸ்டீரொயிட் என்றுதான் டெக்ஸாமெதசோனை எடுக்கிறோம். அதில் நாமே துகளை உண்டாக்கினால் என்ன பிரயோசனம்? டெக்ஸாமெதசோன் வேண்டுமென்றால் கூட்டாளி லிக்னோகெயின்தான்.

எந்த மருந்தானாலும், வீட்டுக்கு அனுப்பும் முன் குதிக்காலிலும் முன்பாதத்திலும் மாறி மாறி நிற்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் கட்டிலுக்கே திரும்ப வேண்டும்.

விறைப்பு மருந்து இரத்தத்தில் அதிகமாகிவிட்டதற்கான அறிகுறிகள் வாயைச் சுற்றி விறைப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், பிதற்றல்: இதில் ஒன்று வந்தாலும் ஊசியை நிறுத்தி, ஒட்சிசன் கொடுத்து, 20% லிப்பிட்டை (நாளத்தில் ஏற்றும் கொழுப்புக் குழம்பு) எடுங்கள். கிலோவுக்கு 1.5 மி.லீ. வீதம் இவருக்கு ஏறக்குறைய 68 மி.லீ.; ஒரு நிமிடத்தில் போக வேண்டும். பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25, அதாவது சுமார் 11 மி.லீ. 100 மி.லீ. போத்தல் ஒன்று மட்டும் இருந்தால் அடுத்த மூன்று நிமிடத்துக்குள் காலி. வெள்ளையாக இருக்கிறதே என்று புரொபோஃபோல் என்ற மயக்க மருந்தை அதற்குப் பதிலாக ஏற்றக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் மலை இறங்கிப் போய்ச் சேரும்வரை தாங்க 250 மி.லீ. போத்தல் இரண்டாவது அந்த அறையிலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் அல்ல.