ரூட் சர்வரா, நேரடி பியரிங்கா?

பல நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் இடமான, சென்னையிலுள்ள ஓர் இணைய எக்ஸ்சேஞ்சில் எங்கள் சிறு நிறுவனத்தின் ரூட்டரை இணைத்தபோது, மற்ற நெட்வொர்க்குகளோடு டிராஃபிக் பரிமாறிக்கொள்ள, அதாவது பியரிங் செய்ய, இரண்டு வழிகள் இருந்தன. எக்ஸ்சேஞ்ச் நடத்தும் ரூட் சர்வரோடு ஒரே பிஜிபி செஷன் (ரூட்டர்கள் ரூட்டுகளைப் பரிமாறும் தொடர்பு) அமைத்து, அதில் சேர்ந்துள்ள அனைவரின் ரூட்டுகளையும், அதாவது எந்த முகவரிக்கு எவ்வழி என்ற தகவல்களையும், பெறலாம். அல்லது ஒவ்வொரு நெட்வொர்க்கையும் அணுகி நேரடி செஷன் அமைக்கலாம். இரண்டிலும் போர்ட் ஒன்றுதான், டிரான்சிட் செலவும் (மற்ற இணையத்தை அடைய வேறொரு நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் பணம்) ஒரே அளவில்தான் குறைகிறது.

முதலில் ரூட் சர்வரை மட்டும் நம்பியிருந்தோம். இன்று, அதிக டிராஃபிக் உள்ள நெட்வொர்க்குகளோடு நேரடி செஷனே வேண்டும் என்பது என் முடிவு. காரணம், பழுது வெளிப்படும் விதம். ரூட் சர்வர் ரூட்டுகளைக் கைமாற்றுகிறதே தவிர, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) அதன் வழியே செல்வதில்லை. ஆகவே எங்களுக்கும் இன்னொரு நெட்வொர்க்குக்கும் இடையே சுவிட்ச் பாதை அறுந்தாலும், ரூட் சர்வரோடு இருவருக்கும் உள்ள செஷன்கள் விழுவதில்லை. ரூட் அட்டவணையில் அப்படியே நிற்க, பாக்கெட்டுகள் மட்டும் தொலைந்துபோகின்றன. ஒரு மாலை எங்களுக்கு இதுவே நேர்ந்தது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருந்ததால், வாடிக்கையாளர்கள் அழைத்த பிறகே தேடத் தொடங்கினோம். நேரடி செஷனில் தொடர்பு உயிரோடிருப்பதைச் சொல்லும் கீப்அலைவ் செய்திகளும் அதே பாதையில்தான் செல்லவேண்டும் என்பதால், அவை வராதபோது காத்திருக்கும் நேரமான ஹோல்டு டைமர் 90 வினாடி எனில் அதற்குள் செஷன் விழுந்து, டிராஃபிக் டிரான்சிட்டுக்கு மாறியிருக்கும். ரூட் சர்வர் நடைமுறைகள் பற்றி 2016இல் வெளியான ஆர்எஃப்சி 7948 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமும் இந்த ஆபத்தைத் தனியே குறிப்பிடுகிறது.

ஒப்பந்தச் சிக்கலுக்கு அஞ்சி நேரடி செஷனைத் தவிர்க்கத் தேவையில்லை. இணைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு உதவும் அமைப்பான பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் 2016இல் ஆராய்ந்த 19 லட்சத்துக்கும் மேற்பட்ட பியரிங் உடன்பாடுகளில் 99.93 சதவீதம் எழுத்து ஒப்பந்தம் இல்லாதவை. சுமை பிறகுதான் வருகிறது: எதிர்த்தரப்பின் ரூட்டுகள் பெருகும்போது பிரிஃபிக்ஸ் வரம்பை (ஏற்கும் ரூட்டுகளின் உச்ச எண்ணிக்கையை) உயர்த்தவேண்டும், அவர்கள் ரூட்டரை மாற்றினால் முகவரியைத் திருத்தவேண்டும், விழுந்த செஷனுக்குப் பதில் சொல்லும் பொறியாளரைத் தேடிப்பிடிக்கவேண்டும். இருவர் மட்டுமே உள்ள எங்கள் குழுவால் பன்னிரண்டு செஷன்களை இப்படிப் பராமரிக்க முடிகிறது. நூறு செஷன்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல என் அனுபவம் போதாது. அதனால் மற்றவர்களின் ரூட்டுகளை இன்றும் ரூட் சர்வரிடமிருந்தே பெறுகிறோம்.

நேரடி செஷன் வைத்தவர்களின் ரூட்டுகளை ரூட் சர்வர் செஷனில் வடிகட்டிவிடவேண்டும், அவர்களும் எங்கள் ரூட்டுகளை அவ்வாறே வடிகட்டவேண்டும். இல்லையெனில் நேரடி செஷன் விழுந்த மறுகணமே, அதே நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட் அடுத்துச் செல்லவேண்டிய ரூட்டர்) கொண்ட ரூட் சர்வரின் ரூட் அந்த இடத்துக்கு வந்து, பாக்கெட்டுகளை மறுபடி அறுந்த பாதையிலேயே அனுப்பும்.