நியான் பலகை வைக்கிறவர்கள் ஸ்விட்ச் எங்கே என்று முதலில் கேளுங்கள்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு நாள், இரவு பத்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். எதிர்ச்சாரி பேக்கரிக்காரர் கத்தினார்: "ஏனுங்க அண்ணா, உங்கள் பலகையில் பொறி பறக்கிறது!"

தூறலில் நனைந்த நியான் எழுத்துகளின் ஓரத்தில் ஊதா நிறத்தில் சடசடவென்று பொறி. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்த ஏசிபி தகட்டின் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) நடுவிலுள்ள பிளாஸ்டிக் உருகி, நெருப்போடு சொட்ட ஆரம்பித்தது. சொட்டியது நேராக ஷட்டர் பூட்டின் மேல். சாவி கையில்தான் இருந்தது. என்ன பயன்?

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, குறை சொல்ல மாட்டேன். இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்விட்ச் எங்கே?" உள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மின்சாரம் நிற்காமல் தண்ணீர் அடிக்க முடியாது. மின்வாரிய ஊழியர் வந்து கம்பத்தில் பியூஸைப் பிடுங்கும்வரை எல்லோரும் வேடிக்கை பார்த்தோம்.

வெளிச்சுவரில் வைக்கும், நியான் போன்ற உயர் மின்னழுத்தப் பலகைக்கு, தரையிலிருந்து 1.70 மீட்டருக்கு மேல் போகாமல், கண்ணில் படும் இடத்தில் அவசர ஸ்விட்ச் இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 71ஆவது விதியே இதைச் சொன்னது. பலகைக்குத் தனி லைன் வேண்டும். மின் ஆய்வாளருக்கு 14 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்குப் பலகை போட்டவர் கடை ஏசி மெஷினுக்குப் போகும் லைனிலிருந்தே இழுத்திருந்தார். பில்லில் மட்டும் 'விதிமுறை வேலைகள்: 7,500 ரூபாய்' என்று ஒரு வரி! மின் ஆய்வு அலுவலகத்தில் விசாரித்தேன். என் கடை பெயரில் ஒரு கடிதம்கூட வரவில்லை.

மறுநாள் கருகிய வயரைத் துடைத்துப் பார்த்தேன். உறையில் 1100 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. வீட்டுக்குப் போடும் சாதாரண வயர். பலகைக்காக வோல்ட்டைக் கூட்டும் டிரான்ஸ்பார்மர் பெட்டியிலோ 10,000 வோல்ட். அதற்கு எர்த் கம்பியும் இல்லை.

மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும் என்று பலகை போட்டவரிடம் போடும்போதே கேட்டேன். "அண்ணா, கசிந்தால் ஈஎல்சிபி (கசிவு தெரிந்தால் லைனை அணைக்கும் கருவி) விழுந்துவிடும், பயப்படாதீர்கள்" என்றார். நானும் பெரிய விவரம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், பலகைக்குப் போகும் வயரில் கசிவது, இந்தப் பக்கம் இருக்கும் ஈஎல்சிபிக்குத் தெரியவே தெரியாதாம். இது எனக்குத் தெரிந்தபோது பலகை சாம்பலாகிவிட்டது.

போனில் பிடித்தபோது, "மழைக்கு நான் என்ன செய்வது அண்ணா?" என்றார். அந்த 7,500க்கு ரசீது கேட்டேன். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

உங்கள் கடையிலும் நியான் பலகை இருந்தால், இன்று சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நின்று, அதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களாக ஏணி போட்டு ஏறாதீர்கள்.